இருபது வயசுல கல்லா?

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. கல்லில் வாட்டி எடுக்காமல் எண்ணெயில் போட்டுப் பொரித்துவிடுவார்கள். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, கூடவே சால்னா. இந்தக் கதை அந்தப் பரோட்டாவில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் குற்றவாளி பரோட்டா அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் :)

அவளுக்கு 20 வயது. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல். சொந்த ஊர் விருதுநகர். அப்பாவுக்கு ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதும் வேலை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது, "பிள்ளை இப்படி இளைச்சுப் போச்சே" என்று அப்பா நாலு பரோட்டா பார்சல் வாங்கி வந்தார். அவள் இரண்டு சாப்பிட்டாள். நாலு மாதத்தில் ராத்திரியில் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பதினொன்றரை மணிக்கு வலி ஆரம்பித்தது.

நெஞ்சுக்குழிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குகிற மாதிரி. அங்கிருந்து முதுகுக்குப் போய் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. அம்மா ஓமத்திரவம் கொடுத்தாள். அப்பா சோடா வாங்கி வந்தார். அப்பத்தா தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள். "வாய்வுதான், ராத்திரி பரோட்டா தின்னா இப்படித்தான்" என்று மூன்று பேரும் ஒரே தீர்ப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு வலி தானாகவே விட்டது. ஓமத்திரவம் ஜெயித்ததாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

அதற்கு முன்னால் நடந்த கதை வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது அவள் எடை 84 கிலோ. பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் "ரெண்டு டிக்கெட்" என்று ஒரு குரல் வரும். வகுப்புத் தோழிகளே சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருநாள் சிரிக்க முடியவில்லை. அன்றையிலிருந்து காலையில் கறுப்புக் காபி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி ஒன்றும் கிடையாது. மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு வந்துவிடுவாள். கூடவே ஒரு பொடி. சீனியர் ஒருத்தி மூலம் வாங்கியது. பிளாஸ்டிக் டப்பா, லேபிள் கிடையாது, "முழுக்க மூலிகை" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெந்நீரில் ஒரு ஸ்பூன்.

மூன்றரை மாதத்தில் 60 கிலோ!

அதற்குப் பிறகு கிடைத்த பாராட்டு இருக்கிறதே... இருபது வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை. ராங்க் வாங்கியபோதுகூட இல்லை. "எப்படிடி குறைச்ச?" என்று கேட்காத ஆளில்லை. அந்த வாய்வு வலியை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். டாக்டரிடம் போனால் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார்களே!

சரி, உள்ளே என்ன நடந்தது?

கல்லீரலுக்கு அடியில் பேரிக்காய் மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது. அதுதான் பித்தப்பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். 30 முதல் 50 மில்லி பிடிக்கும், அதாவது ஒரு சின்ன டீ கிளாசில் பாதி. பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். அதை வாங்கிக் கெட்டியாக்கிச் சேர்த்து வைப்பதுதான் பையின் வேலை. கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். "வந்துடுச்சு, பிழி" என்று பைக்கு அது சொல்லும். பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும்.

இப்போது ஒருத்தி திடீரென்று பட்டினி கிடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு தன்னிடம் இருக்கும் கொழுப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வரும் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பித்தநீரில் கொட்டுகிறது. சர்க்கரைப் பாகு அளவுக்கு மேல் போனால் பூத்துப்போகிற மாதிரி, பித்தநீரிலும் கொலஸ்ட்ரால் படிகமாகப் பிரிகிறது. சாப்பாடு போகாததால் பையும் சுருங்குவதில்லை. படிந்தது படிந்தபடி கிடந்து கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் இந்த ஆபத்து கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்குக் கல் உண்டாகாமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதுகூட உண்டு. ஹாஸ்டல் அறையில் தனியாக விரதம் இருப்பவளுக்கு யார் கொடுப்பது?

ஆக, மாதக்கணக்காகச் சும்மா கிடந்த பைக்கு அன்றைக்கு ராத்திரி இரண்டு எண்ணெய் பரோட்டா வந்து சேர்ந்தது. பை முழு பலத்தோடு பிழிந்தது. ஒரு கல் வாசலில் போய் அடைத்துக்கொண்டது. கல் பின்வாங்கும் வரைக்கும் வலி. வாய்வு, பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் ஐந்து முறை அந்த வலி வந்தது. கல்லூரிக்குப் பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது முறை ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்கு வாந்தியோடு வந்தது. வார்டன் அக்காதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பணியில் இருந்த டாக்டர் வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து, "மூச்சை இழும்மா" என்றார். இழுத்தாள், பாதியில் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வரச் சொன்னார். (சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது.)

ஸ்கேனில் ஏழெட்டுக் கற்கள். பெரியது 9 மில்லிமீட்டர். திரையில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு வால். ஒலி கல்லில் பட்டுத் திரும்பிவிடுகிறது, பின்னால் போக முடிவதில்லை, அதனால் நிழல். முந்தின செமஸ்டரில் ஒலியியல் பாடத்தில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதிய நிழலைத் தன் வயிற்றுக்குள்ளேயே பார்ப்போம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"இருபது வயசுல கல்லா?" என்றாள் அம்மா. அடுத்த பத்து நாளும் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

வீட்டில் மாநாடு கூடியது. பெரியம்மா வந்தாள். முதல் தீர்மானம், வாழைத்தண்டுச் சாறு. வாழைத்தண்டுக்கு நம் ஊரில் பெயர் கிடைத்தது சிறுநீரகக் கல்லுக்கு. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எவ்வளவு சாறு குடித்தாலும் அந்தக் கல் சிறுநீரில் வராது. இரண்டாவது தீர்மானம் சித்தப்பா மகன் அனுப்பிய வீடியோ. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் மறுநாள் பச்சை பச்சையாகக் கற்கள் விழுமாம். விழுவது உண்மைதான். அவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பு மாதிரித் திரண்டு வருகிறது, பித்தப்பைக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது தீர்மானம்தான் முக்கியமானது. பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கல்யாணம் ஆகாத பொண்ணு. வயித்துல கத்தி வெச்சாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. கர்ப்பப்பையில கோளாறுன்னுவாங்க. செய்யறதா இருந்தாலும் யாருக்கும் தெரியக் கூடாது. கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லிக்கலாம்."

(அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனும் வயிற்றில்தான். அது ஏன் கௌரவமானது, பித்தப்பை ஏன் கேவலமானது என்று யாரும் கேட்கவில்லை.)

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்குப் பெரியம்மா சொல்வது சரி என்றே பட்டது. பரீட்சை முடியட்டும், மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

சர்ஜன் அந்த முடிவைக் கேட்டுக் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார். கல் இருக்கும் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவந்து, ஒரு தொந்தரவும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஒரு முறை வலி கொடுக்க ஆரம்பித்த கல் திரும்பத் திரும்ப வலி கொடுக்கும். பை வீங்கிச் சீழ் பிடிக்கலாம். சின்னக் கல் நழுவிப் பித்தக் குழாயில் போய் நின்றால் மஞ்சள் காமாலை, கணையத்தில் அழற்சி என்று போகும். அது உயிருக்கே ஆபத்து. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டால் மறுபடி கல் உண்டாகும். மாத்திரையில் கரைப்பது சின்ன கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும்தான், அதுவும் மாதக்கணக்கில் ஆகும், நிறுத்தினால் திரும்ப வரலாம். "மே வரைக்கும் ஒண்ணும் ஆகாமலும் போகலாம். நாளைக்கே ராத்திரி காய்ச்சலோட வந்து நிற்கவும் செய்யலாம். திட்டம் போட்டுச் செய்யற ஆபரேஷனும் அவசரத்துல செய்யற ஆபரேஷனும் ஒண்ணு இல்லம்மா."

தள்ளிப்போடுவதன் விலைக்குப் பிரபலமான உதாரணம் ஆண்டி வார்ஹோல். சூப் டப்பாக்களை வரைந்து உலகப் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர். ஆஸ்பத்திரி என்றாலே பயம் என்பதால் பித்தப்பைக் கல்லோடு வருஷக்கணக்கில் காலம் தள்ளினார். 1987 பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் ஆபரேஷன் செய்தபோது பை அழுகிப்போயிருந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள் இறந்துபோனார். வயது 58.

அம்மா பில் கட்டப் போயிருந்த நேரத்தில் அவள் சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தழும்பு தெரியுமா மேடம்?" அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வயிறு வரைந்து நாலு புள்ளி வைத்தார். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, இரண்டும் 10 மில்லிமீட்டர். வலப்பக்கம் இரண்டு, தலா 5 மில்லிமீட்டர். "ஒருவேளை உள்ளே சரியா தெரியலைன்னா பெரிசா கிழிச்சுத்தான் செய்யணும். அப்படிச் செஞ்சா தோல்வின்னு நினைக்காதே. உன் பித்தக் குழாயைக் காப்பாத்தறதுக்காகச் செய்யறது." அந்தச் சீட்டை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பிப்ரவரிக்குத் தேதி குறித்தாயிற்று.

அடுத்தது மயக்க மருந்து டாக்டரின் பரிசோதனை. ரத்தம், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்தச் சொன்னார், ஆடும் பல் இருக்கிறதா என்று கேட்டார். (மூச்சுக் குழாய் வைப்பதற்காக.) கடைசியாக, "வேற ஏதாவது மாத்திரை, பொடி, லேகியம், மூலிகை சாப்பிடறியா?" என்றார்.

அம்மா முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டியிருந்தால் அந்தப் பக்கம் அப்படியே முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பொடி சாப்பிட்டேன் சார்... இப்பவும் சாப்பிடறேன். இளைக்கறதுக்கு" என்றாள்.

அம்மாவின் முகம் போன போக்கை எழுத முடியாது. டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் அவளிடமே பேசினார். எத்தனை நாளாக, எவ்வளவு, டப்பா இருக்கிறதா, படபடப்பு வருமா, தூக்கம் வருகிறதா? வரும், தூக்கம்தான் சரியாக இல்லை என்றாள். லேபிள் இல்லாத எடை குறைப்புப் பொடிகளில் மூலிகைக்கு நடுவே மருந்தும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அப்படிச் சிக்கியவற்றில் ஒன்று சிபுட்ரமின். ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டக்கூடியது என்பதால் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்ட மருந்து. இவளுடைய டப்பாவில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பிரச்சினையே. பொடியை உடனே நிறுத்தச் சொன்னார், சில ரத்தப் பரிசோதனைகளைத் திரும்ப எடுத்தார், தேதியைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தார். திட்டவில்லை. "சொன்னது நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார்.

விருதுநகர் பஸ்ஸில் அம்மா திருமங்கலம் தாண்டும் வரைக்கும் பேசவில்லை. பிறகு, "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடறதில்லையா நீ?" என்றாள். இல்லை என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பதினைந்து நாளும் வீணாகவில்லை. நேரத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடு. எண்ணெய் குறைவு, பட்டினி இல்லை. மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி வாங்கினார்கள், இழுத்து மூச்சு விட்டால் பந்து மேலே ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலில் சளி தங்கிவிடும், அதற்கு முன்னாலேயே பழகிக்கொள்ளத்தான் இது. முதல் நாள் ஒரு பந்து, நாலாம் நாள் மூன்றும் ஏறின. நக பாலிஷை அழித்தாள். (விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒளியை வைத்துத்தான் அளக்கிறது, சாயம் இருந்தால் குழப்பும்.) தொப்புளைச் சுத்தம் செய்தாள், ஒரு வாசலே அங்கேதானே! முன் பட்டன் வைத்த நைட்டி, இடுப்பு இறுகாத பாவாடை, ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு ஃபைல், ஒரு சின்னத் தலையணை. முதல் நாள் ராத்திரி இரண்டு இட்லி. நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக.

பட்டினியில் தேறிய ஆள் என்றாலும் அந்த ஒரு ராத்திரி அவளுக்குப் பயங்கரமாகப் பசித்தது.

பித்தப்பையை முதன்முதலாக வெட்டி எடுத்தவர் கார்ல் லாங்கென்புக் என்ற ஜெர்மன் சர்ஜன். 1882 ஜூலை 15, பெர்லின். அதுவரைக்கும் பையைத் திறந்து கல்லை எடுப்பதுதான் வழக்கம். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே இல்லை, அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 16 வருஷம் வலியில் துடித்த 43 வயதுக்காரர்தான் முதல் நோயாளி. மறுநாள் அவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம்! ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுப் போக ஆறு வாரம் ஆனது. அதன் பிறகு நூறு வருஷத்துக்கு எல்லாருக்கும் பெரிய கீறல்தான். 1985 செப்டம்பர் 12-ல் எரிக் மூஹெ என்ற இன்னொரு ஜெர்மன் சர்ஜன் சின்னத் துளை வழியாகவே எடுத்துக் காட்டினார். சக சர்ஜன்கள் முதலில் அவரை நம்பவில்லை, கேலி செய்தார்கள். இந்தியாவுக்கு அந்த முறை 1990-ல் மும்பையில் வந்தது, செய்தவர் டெஹம்டன் உட்வாடியா.

அவளுக்கு நடந்ததும் அதேதான். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பிக் கூடாரம் மாதிரி உயர்த்துவார்கள். தொப்புள் வழியாகக் கேமரா. பையிலிருந்து வரும் சின்னக் குழாயையும் ரத்தக் குழாயையும் தெளிவாகப் பிரித்துப் பார்த்த பிறகே கிளிப் போட்டு வெட்டுவார்கள். பக்கத்திலேயே போகும் பொதுப் பித்தக் குழாயைத் தவறுதலாக வெட்டிவிடக் கூடாது. ஆயிரத்தில் சிலருக்கு நடக்கும் அந்தத் தவறுதான் இந்த ஆபரேஷனில் சர்ஜன்கள் அதிகம் பயப்படுவது. வெட்டிய பையைக் கல்லீரலிலிருந்து உரித்துத் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். அப்பா வெளியே உட்கார்ந்து வாசலில் வரும் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரையும் எட்டிப் பார்த்தபடி இருந்த நேரம் ஒன்றேகால் மணி.

கண் விழித்ததும் அவளுக்கு முதலில் வலித்தது வயிறு இல்லை. தொண்டை. மூச்சுக் குழாய் வைத்த எரிச்சல். சாயங்காலம் வலது தோள் வலித்தது. "வயித்துல ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது?" என்று அம்மா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அந்த இடத்துக்கும் தோளுக்கும் நரம்பு வேர் ஒன்றுதான் என்பதால் தோள் வலிப்பதாக மூளை கணக்குப் போடும். ஒன்றிரண்டு நாளில் வாயு கரைந்துவிடும், நடந்தால் சீக்கிரம் தேறலாம். அன்றைக்கு ராத்திரியே நர்ஸ் எழுப்பி நடக்க வைத்தார். எழுந்திருக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். நேராக எழக் கூடாது, ஒருபக்கமாகப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அந்தச் சின்னத் தலையணை எதற்கு என்று அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். சர்ஜன் ஒரு சின்னப் பாட்டிலில் கற்களைப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழுப்பும் மஞ்சளுமாக, வேகாத கொண்டைக்கடலை மாதிரி. "இதுக்கா இவ்வளவு?" என்றார்.

வீட்டில் பத்தியப் போர் ஆரம்பித்தது. அப்பத்தா பக்கம் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும். பருப்பு கூடாது, சீழ் வைக்கும். கத்தரிக்காய் கூடாது, கரப்பான். டாக்டர் சொன்னது வேறு. முதல் சில வாரம் எண்ணெய், நெய், பொரித்தது குறைவு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. மற்றபடி பருப்பு, முட்டை வெள்ளை, காய்கறி எல்லாம் வேண்டும், புண் ஆறுவதற்குப் புரதம் தேவை. கடைசியில் அப்பத்தா பருப்புக்குச் சம்மதித்தாள். கத்தரிக்காய் விஷயத்தில் டாக்டர் வீட்டுப் பக்கமே வர முடியவில்லை.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கிக்கொண்டு ஓட வைத்தது பத்து நாளைக்கு. சேர்த்துவைக்கப் பை இல்லாததால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், குடல் பழகக் கொஞ்ச காலம் எடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகச் சரியாகிவிடும். அவளுக்கும் சரியானது. ஃப்ரிட்ஜ் கதவில் அம்மா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள், மூத்திரம் கறுப்பு, வலி கூடினால், வாந்தி நிற்காவிட்டால், புண்ணில் சீழ் வந்தால், உடனே போக வேண்டும். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மகளின் கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கனமான எதையும் ஒரு மாதம் தூக்கக் கூடாது என்றார்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், புத்தகப் பை, எல்லாம்தான்.

மார்ச் முதல் வாரம் ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது அவள் பையைத் தோழி ஒருத்தி சுமந்து வந்தாள். அறையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பெரியம்மா சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. அப்பெண்டிக்ஸ். கேட்டவர்கள் இரண்டு பேரிடம் அப்படியே சொல்லியும் விட்டாள்.

இந்த இடத்தில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஞாபகத்துக்கு வருகிறார். 1965 அக்டோபர் 8-ல் அவருக்குப் பித்தப்பை எடுத்தார்கள். அக்டோபர் 20-ல் நிருபர்களுக்கு முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. மறு வருஷம் டேவிட் லெவின் என்ற கேலிச்சித்திரக்காரர் அந்தத் தழும்பை வியட்நாம் வரைபடமாகவே வரைந்துவிட்டார். உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்த ஆண் சட்டையைத் தூக்கிக் காட்டினால் அது அரசியல். விருதுநகர்ப் பெண்ணின் வயிற்றில் அரை அங்குலம் இருந்தால் அது குடும்ப ரகசியம்!

அவள் யாரிடமும் தழும்பைக் காட்டவில்லை. நடந்தது இவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். "அக்கா, நீங்க எப்படி இளைச்சீங்க? எனக்கும் அந்தப் பொடி வாங்கித் தர்றீங்களா?" கையில் பணம் வேறு வைத்திருந்தாள். மெஸ்ஸில் அவள் தட்டைத் தள்ளிவிடுவதை ஏற்கெனவே பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அவள் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். மேஜை விளக்குக்கு அடியில் வைத்தாள். "அப்பெண்டிக்ஸ் இல்லடி. இதுதான்" என்று முதலிலிருந்து சொன்னாள். ஒரு வேளைச் சாப்பாடு, பொடி, பரோட்டா, ஸ்கேன், அம்மாவின் முகம், எல்லாம். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மற்ற தோழிகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 'ரெண்டு டிக்கெட்' ஜோக்குக்குச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பெண் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ குண்டாவே இருக்கணுமாக்கா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். "குறைக்கலாம்டி. வாரத்துக்கு அரைக் கிலோ போதும்னு டாக்டர் சொன்னாங்க. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. டப்பாவுல பேர் இல்லாததை வாயில வைக்காதே." சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால். மெஸ் ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். "எழுந்திரு" என்றாள்.

அன்றைக்கு மெஸ்ஸில் தோசை. அவள் இரண்டு சாப்பிட்டாள், எண்ணெய் குறைவாக விடச் சொல்லி. அந்தப் பெண் ஒன்றரை. அரைத் தோசையைத் தள்ளிவிடப் பார்த்தாள், பக்கத்துத் தட்டுக்காரி வாங்க மறுத்துவிட்டாள்.